வலிக்காத சூடு

மருமகள் காலையில் எழுந்து வாந்தி எடுத்தால் எந்த மாமியாருக்கும் முதலில் காய்ச்சல் நினைப்பு வராது. தங்கம்மாளுக்கும் வரவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த களிச்சட்டியை அப்படியே விட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரியிடம் ஓடி, "எங்க மாதம்மா வாயிலெடுத்தா" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது.

"இது அது இல்லடா முனிராஜு" என்றாள் மகனிடம், சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல். "காச்ச."

முனிராஜ் அன்றைக்குத் தக்காளிக் கூடைகளை பாலக்கோடு மண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிவந்தான். மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும். மாதம்மாள் வேர்த்துப் போய் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது மாமா" என்பாள். தட்டில் சோறு வருவதற்குள் மறுபடி ஏறிவிடும். தலை பிளக்கிறது என்று முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுருண்டுவிடுவாள். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தன. வைகாசியில் கல்யாணம் ஆனவள். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஆவணியில் வந்தவள். புரட்டாசி முடிவதற்குள் இப்படிக் கிடக்கிறாளே என்று முனிராஜ் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மண்டிக்குக் கூடை ஏற்றுகிற டிராக்டரிலேயே மெத்தை விரித்துப் படுக்கவைத்து, அவளை ஜுபைதா டாக்டரிடம் கொண்டுபோனான்.

ஜுபைதா தர்மபுரி ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பெண். மெட்ராஸில் டாக்டருக்குப் படித்து முடித்ததும், பாலக்கோட்டில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்து, கட்டில்கள் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தாள். தலையில் முக்காட்டோடு லூனாவில் அவள் வந்து இறங்கினால் வாசலில் நிற்கிற கூட்டம் தானாக வரிசையாகிவிடும். வாய் ஓயாமல் பேசுவாள். கை அதைவிட ஓயாமல் வேலை பார்க்கும்.

"தீட்டு தள்ளிப் போயிருக்கா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாள்.

"இல்லைங்க, போன வாரந்தான் குளிச்சன்" என்றாள் மாதம்மாள், ஈனக்குரலில்.

தங்கம்மாள் பெருமூச்சு விட்டாள். "நல்லா கேட்டுக்குங்க டாக்டரம்மா. இன்னொருக்கா கேட்டுப் பாருங்க."

"நான் எத்தினி தடவை கேட்டாலும் பதில் மாறாதுங்கம்மா" என்று சிரித்த ஜுபைதா, முனிராஜ் பக்கம் திரும்பினாள். "வெளியூர் எங்கியாச்சும் போனீங்களா? கொசு கடிக்கிற எடம், காடு, மலை?"

முனிராஜ் ஓரக்கண்ணால் பார்த்தான். பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"அதியமான்கோட்டைக்குப் போனோமுங்க. எங்க மாமியா வூட்டுக்கு. அவ்வளவுதான்."

சொன்னது பொய். புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அதியமான்கோட்டை பஸ்ஸில் ஏறியது நிஜம்; டிக்கெட் எடுத்ததும் நிஜம். பாதி வழியில் ஒரு கரடு வந்தது. செம்மண்ணும் பாறையுமாக, அடிவாரம் முழுக்கச் சீத்தாப்பழப் புதராகக் கிடக்கிற சின்ன மலை. மாதம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "பழம் வெடிச்சுத் தொங்குது பாருங்க" என்றாள். அவ்வளவுதான். இருவரும் இறங்கிவிட்டார்கள். மாமியார் வீட்டுக்கு வாங்கின மிக்சரைத் தாங்களே தின்றார்கள். பழம் தின்று விதை துப்பி யார் விதை தூரம் போகிறது என்று பந்தயம் கட்டினார்கள். தன் மனைவிக்கு நன்றாக விசில் அடிக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் முனிராஜுக்குத் தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய், "அத்தை உங்களைக் கேட்டாங்கம்மா" என்று கூசாமல் சொன்னான். தங்கம்மாளும், "நல்ல மனுசி" என்றாள்.

இப்போது அதை எடுத்து விரிக்க முடியுமா? அப்படியே முடிந்துவைத்துக்கொண்டான்.

ஜுபைதா விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தாள். மலேரியாவாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தாள். கட்டிலில் சேர்த்துக்கொண்டாள். மலேரியா மாத்திரை வேலை செய்யவில்லை. கண்ணாடித் துண்டிலும் கிருமி எதுவும் தெரியவில்லை. ஊசி மாற்றிப் போட்டாள். காய்ச்சல் அந்த ஊசியையும் மதிக்கவில்லை. "என்ன பிடிவாதம் இந்தக் காய்ச்சலுக்கு" என்று ஜுபைதா தனக்குள் சொல்லிக்கொண்டது முனிராஜின் காதில் விழுந்தது. அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

அதியமான்கோட்டைக்குச் சொல்லி அனுப்பினார்கள். மாதம்மாளின் அம்மா கோவிந்தம்மாளும் அண்ணன் மாயவனும் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். மாயவன் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டுகிறவன். ஜாக்கி இல்லாமலே லாரியைத் தூக்கிவிடுவான் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். தங்கச்சியைப் பார்த்ததும் அந்த உடம்பு அப்படியே குழைந்துபோயிற்று. கட்டில் ஓரமாக முழங்காலிட்டு உட்கார்ந்து, "பாப்பா, அண்ணன் வந்துட்டன் பாரு" என்றான்.

கோவிந்தம்மாள் கண்ணீரும் கம்பலையுமாக இருந்தாலும் காரியத்தில் குறை வைக்கவில்லை. ஆண்களை வெளியே அனுப்பி, வெந்நீரில் துணியை நனைத்து மகளின் உடம்பைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே வந்தவள் பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்குக் கீழே, வலது இடுப்பில் நின்றுவிட்டாள். அங்கே வட்டமாக, கறுப்பாக, கருகிப்போன புண்பக்கு ஒன்று. சுற்றிலும் சிவப்பு வளையம்.

"டாக்டரம்மா, இது என்னான்னு வந்து பாருங்க."

ஜுபைதா குனிந்து பார்த்தாள். அந்த வட்டாரத்தில் அவள் பார்க்காத சூட்டுத் தழும்பா? குழந்தைக்கு வலிப்பு வந்தால் சூடு, மஞ்சக்காமாலைக்குச் சூடு, காய்ச்சல் விடவில்லை என்றால் அதற்கும் ஒரு சூடு. பழுக்கக் காய்ச்சி வைத்துவிட்டு, அது புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகு அவளிடம் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேராகத் தங்கம்மாளிடம் போனாள்.

"ஏம்மா, சூடு வெச்சுட்டா என்கிட்ட சொல்ல வேணாமா? காய்ச்சலுக்குச் சூடு வெக்கிற வழக்கத்தை எப்பதான் விடுவீங்க?"

"சூடா? நானா?" தங்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "எங்க மாரியாத்தா மேல சத்தியமாச் சொல்றன், நான் ஒண்ணும் வெக்கலைங்க. பெத்த புள்ளைக்கே வெச்சதில்லை, வந்த புள்ளைக்கு வெப்பனா?"

"அப்ப அது தானா வந்துச்சா?"

அறைக்குள்ளிருந்து கோவிந்தம்மாள் வெளியே வந்தாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டாக்டரம்மா, பழுக்கக் காச்சின கம்பின்னா பெரிசா இருக்கும். இது விரல்நுனி அளவு. புருசன் மட்டும் பாக்கிற எடத்துல இருக்குது." அவள் பார்வை மருமகன் மேல் வந்து நின்றது. "மாப்பிள்ளை பீடி சிகரெட்டு குடிப்பாராம்மா?"

"என் மகனா? சுண்ணாம்பு கூடத் தொடமாட்டான்" என்றாள் தங்கம்மாள், தலையை நிமிர்த்தி.

மாயவன் முன்னால் வந்தான். மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு, சிகரெட் பாக்கெட் ஒன்றையும் தீப்பெட்டியையும் எடுத்து எல்லாரும் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்தான்.

மண்டியில் கூடை இறக்கி முடித்ததும் ஒன்று, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது ஒன்று. அதற்கு மேல் முனிராஜ் குடித்ததில்லை. ஆனால் அதை யாரிடம் சொல்வது? அம்மா முகத்தைப் பார்த்தான். தங்கம்மாள் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், சத்தியமா நான் இல்லை..."

"பேசாதீங்க மாப்பிள்ளை. இப்ப என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை, அதனால என் கையி சும்மா கெடக்குது." மாயவன் பாக்கெட்டை நசுக்கினான். "காச்ச எறங்கினதும் அவளை எங்க வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். தலை தீபாவளிக்கு வந்துடலாம்னு பாக்காதீங்க. அப்புறமும் வர வேணாம். அவ இனி அங்க வர மாட்டா."

உள்ளேயிருந்து மாதம்மாள் குரல் கேட்டது. "அண்ணா, அவரு ஒண்ணும் பண்ணலை. எனக்கு அது எப்ப வந்துச்சுன்னே தெரியாது."

"நீ சும்மா படு பாப்பா. நீ அப்படித்தான் சொல்லுவ" என்றான் மாயவன்.

அவள் என்ன சொன்னாலும் அது புருஷனைக் காப்பாற்றுகிற பேச்சாகவே எல்லாருக்கும் கேட்டது. அன்று முழுக்கக் கட்டிலின் இந்தப் பக்கம் ஒரு அம்மா, அந்தப் பக்கம் இன்னொரு அம்மா; இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முனிராஜைக் கிட்டே சேர்க்கவில்லை. அவன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். கைகால் குடைந்தது. தலை கனத்தது. கவலையில் உடம்பு இப்படியும் வலிக்குமா என்று நினைத்துக்கொண்டான். பெண்டாட்டி பிழைத்துக்கொள்ள வேண்டும். பிழைத்தால் அவளை இழந்துவிடுவான். இரண்டையும் சேர்த்து எந்தச் சாமியிடம் எப்படி வேண்டுவது என்று விளங்கவில்லை.

மறுநாள் காலையில் ஜுபைதா புண்ணுக்குப் போடக் களிம்போடு வந்தாள். முதல்நாள் கோபம் தணிந்திருந்தது. காய்ச்சல்காரியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அந்தக் கறுப்புப் பக்கின் மேல் பஞ்சை வைத்தாள்.

"எரியும். பல்லைக் கடிச்சுக்க."

"எரியலைங்களே."

ஜுபைதா கொஞ்சம் அழுத்தினாள். "இப்ப?"

"இல்லைங்க."

இன்னும் அழுத்தினாள். மாதம்மாள் ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஜுபைதாவின் கை நின்றது. சுட்ட புண் வலிக்காமல் இருக்குமா? அவள் விரல்கள் தொடை இடுக்குப் பக்கம் மெல்லத் தடவிக்கொண்டு போயின. அங்கே நெறிகட்டியிருந்தது. அதைத் தொட்டதும்தான் மாதம்மாள், "ஆத்தா" என்று முனகினாள்.

ஜுபைதா களிம்பை அப்படியே வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனாள். வாசல் படியிலிருந்து முனிராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு வெளியே வந்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள். அவள் முகத்தில் பழைய சிரிப்பு பாதி திரும்பியிருந்தது.

"நான் ஒண்ணு கேப்பேன். யாரும் வெக்கப்படாம, மறைக்காம சொல்லணும். ரெண்டு மூணு வாரத்துக்குள்ள இந்தப் பொண்ணு புதர்க்காட்டுப் பக்கம் போச்சா? புல்லுல உக்காந்துச்சா?"

"எங்க மருமவளா? தக்காளித் தோட்டத்துக்குக்கூட நான் அனுப்பறதில்லைங்க" என்றாள் தங்கம்மாள். "அம்மா வூட்டுக்கு ஒருக்கா போயிட்டு வந்தா. அவ்வளவுதான்."

"எங்க வூட்டுக்கா?" கோவிந்தம்மாள் நிமிர்ந்தாள். "எப்ப?"

"இந்தப் புரட்டாசியிலதான். ஞாயித்துக்கெழமை. நீங்ககூட என்னைக் கேட்டீங்களாமே."

"நான் எங்கங்க கேட்டன்? ஆவணியில அனுப்பி வெச்சதோட சரி, என் மகளை இங்க வந்துதான் பாக்கறன்."

இரண்டு அம்மாக்களும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து முனிராஜைப் பார்த்தார்கள்.

அவனுக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. சொல்லாமல் இருந்துவிடலாம், முதலில் சொன்ன பொய்யையே இன்றும் சொல்லலாம். கட்டிலில் மாதம்மாள் தலையைக் கொஞ்சம் திருப்பினாள். சிவந்த கண்களால் அவனைப் பார்த்து, சொல்லுங்க என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

"அத்தை வூட்டுக்குப் போகலைங்க. கரட்டுக்குப் போனோம். சீத்தாப்பழம் பறிக்க."

"எவ்வளவு நேரம்?" என்றாள் ஜுபைதா.

"காலையில போனோமுங்க... வெயில் தாழ வந்தோம்."

"நாள் முச்சூடும் சீத்தாப்பழமா?" என்றான் மாயவன்.

"நீ சும்மா இருடா" என்றாள் கோவிந்தம்மாள்.

"எங்க உக்காந்தீங்க? பாறை மேலயா, புதர் ஓரமாவா?"

"புதரு ஓரமாங்க. புல்லு மேல."

"உக்காந்தது மட்டுந்தானா? படுத்தீங்களா? என்கிட்ட வெக்கப்படாதீங்க, பூச்சி எப்படி ஏறுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

முனிராஜ் தரையைப் பார்த்தான். "கொஞ்ச நேரம் தூங்கினோமுங்க. நெசமாவே தூக்கந்தாங்க."

"வூட்டுல இல்லாத தூக்கமாடா?" என்றாள் தங்கம்மாள். அவளுக்கு மானம் போயிற்று.

"வூட்டுல எங்கம்மா தூங்கறது? பெரியண்ணன் புள்ளைங்க ரெண்டும் சித்தி சித்தின்னு எங்க நடுவுலதான வந்து படுக்குதுங்க. நாலு வார்த்தை பேசலாம்னு வாயைத் தொறந்தா, 'சித்தப்பா, என்னா சொன்ன'ன்னு கேக்குதுங்க."

ஜுபைதா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்து முடித்து, முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு சொன்னாள்: "இது சூடு இல்லை. சிகரெட்டும் இல்லை. புதருல கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிப் பூச்சி இருக்குது. எலி மேல ஒட்டிட்டு வரும். அது கடிச்ச எடம் இப்படிக் கருகிப்போகும், ஆனா வலிக்காது. கொஞ்ச நாள் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும். ஸ்க்ரப் டைஃபஸ்னு பேரு. பரீட்சைக்குப் படிச்சதோட சரி, நேருல நான் பாத்ததில்லை. அதனாலதான் சூடுன்னு நெனைச்சு நேத்துக் கத்தினேன். தப்பு என்னோடது."

மாயவன் நம்பவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "அது எப்படிங்க, அவளை மட்டும் கடிச்சுச்சு? மாப்பிள்ளையும் அங்கதான படுத்துத் தூங்கினாரு? அவரை விட்டுட்டுப் போச்சாமா?"

"நல்ல கேள்வி" என்றபடி ஜுபைதா முனிராஜின் மணிக்கட்டைப் பிடித்தாள். நெற்றியில் புறங்கையை வைத்தாள். "உங்களுக்கு எப்ப இருந்து காய்ச்சல்?"

"எனக்கா? கவலையில உடம்பு வலின்னு..."

"கவலைக்கு இந்தச் சூடு வராது." அவள் மேஜையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து மாயவன் கையில் கொடுத்தாள். "சந்தேகப்பட்டது நீங்கதான, நீங்களே தேடுங்க. அக்குள், முதுகு, இடுப்பு, தொடை இடுக்கு, ஒரு எடம் விடாதீங்க."

"நானா?"

"பின்னே நானா?"

துணித் தடுப்புக்குப் பின்னால் முனிராஜ் சட்டையைக் கழற்றினான். கைலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். முதல்நாள் அவன் காலை முறிக்கத் தயாராக இருந்த மாயவன், இப்போது டார்ச் வெளிச்சத்தோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தான். பஞ்சர் ஆன டியூபில் ஓட்டை தேடுகிற அதே கவனம்.

"கையைத் தூக்குங்க மாப்பிள்ளை."

"கூசுது மச்சான்."

"எனக்கு மட்டும் கூசலையா? தூக்குங்க."

அக்குளில் இல்லை. வயிற்றில் இல்லை. "திரும்புங்க" என்றான். டார்ச் முதுகில் மேலிருந்து இறங்கியது. தோள்பட்டைக்கு நடுவில் தயங்கி நின்றது. முனிராஜ் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். மாயவன் டார்ச்சை இடது கைக்கு மாற்றிவிட்டு, வலது கையில் சிகரெட் பிடித்திருக்கிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்துத் தன் முதுகுக்குக் கொண்டுபோகப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வழியாக முயன்றான், எட்டவில்லை. கீழே வழியாக முயன்றான். அப்போதும் எட்டவில்லை.

"டாக்டரம்மா" என்று குரல் கொடுத்தான். "இங்க ஒண்ணு இருக்குதுங்க. அதே மாதிரி. யாரும் தனக்குத்தானே வெச்சுக்க முடியாத எடம்." பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டான்: "பாப்பா, நீ ஏதாச்சும் திருப்பி வெச்சியா?"

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவு காய்ச்சலிலும் மாதம்மாள் சிரித்தாள். அதைக் கேட்டதும் கோவிந்தம்மாள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுவதைப் பார்த்துத் தங்கம்மாளும் அழுதாள்.

"அழுகையெல்லாம் அப்புறம்" என்றாள் ஜுபைதா. "டெட்ராசைக்ளின்னு ஒரு மாத்திரை. எல்லா மெடிக்கல்லயும் கெடைக்கும். நல்லவேளை கர்ப்பமா இல்லை. இருந்திருந்தா இந்த மாத்திரையைக் குடுக்க முடியாது. ரத்தத்தைச் சேலத்துக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். ஆனா அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கப் போறதில்லை. அது வர்றதுக்குள்ள மாத்திரையே பதில் சொல்லிடும். ஒண்ணே ஒண்ணு, இந்த மாத்திரையைப் பாலோட குடுக்கக் கூடாது. பால் குடிச்சா மருந்து வேலை செய்யாது."

பக்கத்துக் கட்டிலில் முனிராஜைப் படுக்கவைத்தார்கள். பால் விஷயம் மட்டும் இரண்டு அம்மாக்களின் மனதிலும் ஆணியடித்த மாதிரி பதிந்துவிட்டது. டீக்கடைக்காரர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனாலே, "பால் டீயா? அந்தப் பக்கமாப் போங்க" என்று தங்கம்மாள் விரட்டினாள். மாத்திரை நேரத்துக்குக் கோவிந்தம்மாள் எழுப்பினாள். தண்ணீர் தங்கம்மாள் கொடுத்தாள். விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லி இருவரும் பார்த்தார்கள். இடையிடையே நோயாளிகள் இருவரையும் சேர்த்தே திட்டினார்கள்.

"பொய் சொல்லிட்டுப் போனா சாமி சும்மா வுடுமா அண்ணி" என்றாள் தங்கம்மாள்.

"சாமி வுட்டாலும் பூச்சி வுடலை பாருங்க" என்றாள் கோவிந்தம்மாள். "மிக்சர் வாங்கிட்டுப் போனாங்களாமே, எனக்குன்னு. அதையுமில்ல தின்னுட்டாங்க."

"இந்தப் பய சிகரெட்டு வேற குடிக்கிறான். அதை நான் அப்புறமாப் பேசிக்கறன்."

முனிராஜ் கண்ணை இறுக்கி மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் மாதம்மாளுக்கு வேர்த்தது. எப்போதும்போல மறுபடி ஏறிவிடும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். ஏறவில்லை. அதற்கு மறுநாள் காலையில் ஜுபைதா தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஒன்றையே சொன்னது. "எழுந்திருச்சு ஓடிப்போச்சு உன் காய்ச்சல்" என்றாள். "என்ன சாப்பிடற?"

"காரக் கொழம்பும் களியும்" என்றாள் மாதம்மாள்.

மாயவன் அப்போதே சைக்கிள் எடுத்துக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக அலைந்து, எங்கும் களி கிடைக்காமல், யார் வீட்டிலோ கெஞ்சி வாங்கி வந்து கொடுத்தான். தங்கச்சி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து நின்றான். முனிராஜுக்கும் காய்ச்சல் விட்டிருந்தது.

"மாப்பிள்ளை" என்றான் மாயவன். "பாக்கெட்டை நசுக்கிட்டன். புதுசு வாங்கித் தரட்டுமா?"

"வேணாம் மச்சான். எங்கம்மா பாக்கறாங்க."

சேலத்து ரிசல்ட் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். ஜுபைதா காகிதத்தைப் படித்துவிட்டு, "நாம சொன்னதையேதான் அவங்களும் சொல்றாங்க" என்றாள். அந்த வாரமே சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கும், விடாத காய்ச்சலோடு வந்த இன்னொருவருக்கும் சட்டையைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்தாள். பெரியவரின் அக்குளில் அதே கறுப்பு வட்டம் இருந்தது. இன்னொருவருக்கு இல்லை, அவருக்கு வேறு வைத்தியம் பார்த்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குத்தான் உண்மையான சண்டை வந்தது. மாதம்மாள் எந்த வீட்டுக்குப் போவது?

"என் மகளுக்கு உடம்பு தேறணும். தீபாவளி வேற வருது. அங்க இங்கன்னு அலையாம இப்பவே எங்க வூட்டுக்கு வந்துடட்டும். மாப்பிள்ளையும் வரட்டும்" என்றாள் கோவிந்தம்மாள்.

"என் மகனுக்கும்தான காச்ச வந்துச்சு? அவனை வுட்டுட்டு நான் எப்படி இருப்பன்?" என்றாள் தங்கம்மாள்.

மாயவன் தங்கச்சியைப் பார்த்தான். "நீயே சொல்லு பாப்பா. உன் இஷ்டம்."

அவள் வரமாட்டாள் என்று சொன்ன அதே வாய். மாதம்மாள் அண்ணனை, அம்மாவை, மாமியாரைப் பார்த்தாள். "தீபாவளி வரைக்கும் எங்க அம்மா வூட்டுல இருக்கறன். அப்புறம் எங்க வூட்டுக்குப் போயிடுவன்" என்றாள். எங்க வூடு என்று அவள் எதைச் சொன்னாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு அவள் மாமியார் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்களும் வாங்க. இவரு மாத்திரையை நீங்க இல்லைன்னா ஒழுங்கா முழுங்க மாட்டாரு" என்றாள். தங்கம்மாள் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள்போல் பையைத் தூக்கிக்கொண்டாள். துணியெல்லாம் முன்பே மடித்து வைத்திருந்தாள்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட்டில் அம்மாக்கள் இருவரும் மாதம்மாளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஜன்னல் காற்று படக்கூடாது என்று கோவிந்தம்மாள் ஒரு பக்கம் மறைத்தாள். யாரும் இடித்துவிடக்கூடாது என்று தங்கம்மாள் இன்னொரு பக்கம் மறைத்தாள். பின்னால் தள்ளி இரண்டு பேர் சீட்டில் முனிராஜும் மாயவனும். முனிராஜ் முன்னால் மாதம்மாளின் தலையில் தெரிந்த கனகாம்பரச் சரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மாயவன் அவனைப் பார்த்தான், தங்கச்சியின் பின்தலையைப் பார்த்தான், எழுந்தான். நேராக முன்னால் போனான்.

"பாப்பா, நீ பின்னாடி போய் உக்காரு. நான் இங்க உக்காந்துக்கறன்."

"ஏண்டா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"அங்க என்னால காலை நீட்ட முடியலைம்மா."

மாதம்மாள் எழுந்து போனாள். மாயவன் தன் உடம்பைச் சுருக்கி இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில் இறக்கினான். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் முனகல் கேட்டது. டிக்கெட் போட வந்த கண்டக்டர் அவனைக் கண்டு நின்றார்.

"அண்ணே, இது லேடீஸ் சீட்டு."

"தெரியுங்க. தண்டனை. அதியமான்கோட்டை வரைக்கும்."

பின்சீட்டில் மாதம்மாள் மெலிந்துபோன கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனிராஜ் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"என்னா பண்றீங்க?" என்றாள் மெதுவாக.

"காச்ச இருக்குதான்னு பாக்கறன்."

"நெத்தியிலதான பாப்பாங்க."

"கையிலயும் பாக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"பொய்யி" என்றாள் மாதம்மாள். ஆனால் கையை எடுத்துக்கொள்ளவில்லை.